ஆறாம் வகுப்பிலேயே கிடைத்திருக்க வேண்டிய ஜெர்மன்

சட்ட உதவி கேட்டு எங்களிடம் வந்த ஒரு செவிலியரின் கையில் மூன்று தாள்கள் மட்டுமே இருந்தன. ஆள்சேர்ப்பு முகவர் ஒருவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, அசல் சான்றிதழ்களை ஒப்படைத்ததற்கான ஒப்புகை. ஜெர்மன் மொழிப் பயிற்சி, அதன்பின் அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை என்பது ஏற்பாடு. மொழித் தேர்வின் நான்கு பகுதிகளில் ஒன்றில் அவர் தேறவில்லை. பயிற்சியைத் தொடர மேலும் பணம் கேட்டார்கள். விலகிக்கொள்கிறேன் என்றபோது, சான்றிதழைத் திருப்பித் தருவதற்கு ‘இழப்பீடு’ கேட்டார்கள். அவருடைய தாயார் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வீட்டிலிருந்த நகை முழுவதும் அதற்கு முன்பே அடகுக்குப் போயிருந்தது.

ஒருவருடைய அசல் சான்றிதழைப் பிணையாகப் பிடித்துவைக்க எந்த முகவருக்கும் உரிமையில்லை. வழக்கறிஞர் அறிவிப்பு போனதும் சான்றிதழ்கள் வந்துவிட்டன, பணம் வரவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. ஆனால் வாங்கிய தொகைக்கு ‘மொழிப் பயிற்சிக் கட்டணம்’ என்று பெயர் சூட்டிவிட்டால் அந்த உச்சவரம்பு பொருந்தாது என்று வாதிட வழி பிறந்துவிடுகிறது. நம் பெண்களை இந்தச் சிக்கலில் மாட்டிவைக்கும் சரக்கு வேலையோ விசாவோ அன்று, மொழிதான். பள்ளியில் இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றை 23 வயதில் அடகு வைத்து வாங்க வேண்டியிருக்கிறது. அயல்மொழிக் கல்வியைச் சமூகநீதிப் பிரச்சினையாக நாம் பார்ப்பது இதனால்தான்.

பள்ளியில் ஜெர்மனா, அது மேட்டுக்குடிப் பிள்ளைகளின் அலங்காரமல்லவா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். அலங்காரமாக இருக்கிறது என்பது உண்மை. யார் அதை அப்படி ஆக்கினார்கள் என்பதற்கு அண்மை வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

2011இல் கேந்திரிய வித்யாலயா சங்கதனும் கோதே நிறுவனமும் (நம் ஊரில் மாக்ஸ் முல்லர் பவன் என்றால்தான் தெரியும்) ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மூன்றாம் மொழியாக ஜெர்மனைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் சுமார் 500 பள்ளிகளில் ஏறத்தாழ 70,000 மாணவர்கள் அதைப் படிக்கலானார்கள். 2014 அக்டோபர் இறுதியில், அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் ஸ்மிருதி இரானி தலைமையில் கூடிய சங்கதன் ஆட்சிக்குழு ஜெர்மனை மூன்றாம் மொழி இடத்திலிருந்து நீக்கிச் சமஸ்கிருதத்தை வைக்க முடிவெடுத்தது. கல்வியாண்டு பாதி கடந்திருந்த நேரம். ஜெர்மன் பிரதமர் ஆங்கெலா மெர்கல் பிரிஸ்பேன் ஜி20 மாநாட்டில் இந்தியப் பிரதமரிடமே இதைப் பற்றிப் பேசினார். பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டு சமஸ்கிருதத் தேர்வு நடத்தப்படாது என்று அரசு இறங்கி வந்தது. 2015இல் மெர்கல் இந்தியா வந்தபோது, ஜெர்மனைக் கூடுதல் அயல்மொழியாகக் கற்பிக்கலாம் என்ற ஏற்பாடு உருவாயிற்று. மதிப்பெண்ணோ கட்டாயமோ இல்லாத கூடுதல் பாடத்துக்கு நம் பள்ளிகளில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்று அரசு சொன்ன காரணம் மும்மொழிக் கொள்கை மீறப்பட்டுள்ளது என்பது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இந்தி பேசும் மாநிலங்களில் மூன்றாவதாக ஒரு நவீன இந்திய மொழியை, கூடுமானவரை ஒரு தென்னிந்திய மொழியைக் கற்பிக்கச் சொன்னது. அந்த இடத்தில் சமஸ்கிருதத்தை அமர்த்திக்கொண்டு அரை நூற்றாண்டு ஓட்டிய மாநிலங்களை யாரும் விதிமீறல் என்று அதட்டியதில்லை. விதி ஜெர்மனுக்கு மட்டும் நினைவுக்கு வந்தது.

நம்மைப் பொறுத்தவரை இன்னொன்றே முக்கியம். கேந்திரிய வித்யாலயாக்களின் சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே கடைநிலை ஊழியர், ராணுவச் சிப்பாய், தபால் அலுவலகப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகள் படிக்கும் இடம் அது. 2014இன் முடிவு அந்தப் பள்ளிகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. பெருநகரத் தனியார் பள்ளிகளில் ஜெர்மன் வகுப்பு மறுநாளும் நடந்தது. இடஒதுக்கீடு உள்ள பள்ளியில் கதவு சாத்தப்பட்டு, பணம் கட்டும் பள்ளியில் திறந்தே இருந்தது. ஜெர்மன் மேட்டுக்குடியின் அலங்காரம் ஆனது இப்படித்தான்.

இந்தக் கதையில் சமஸ்கிருதம் வரும்போது நமக்கு எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி நினைவுக்கு வராமல் இருக்காது. தீண்டத்தகாத மாணவன் என்பதால் அண்ணல் அம்பேத்கருக்கு அங்கே சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் எடுத்துப் படித்தார். பின்னாளில் கொலம்பியாவில் பொருளாதாரப் பாடங்களுக்கு நடுவே தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் எடுத்துக்கொண்டார். 1921இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்துக்கு ஜெர்மன் மொழியிலேயே விண்ணப்பம் எழுதி அங்கே பதிவும் செய்துகொண்டார். லண்டன் படிப்பின் நெருக்கடியில் பானில் தங்கிப் படிக்க இயலவில்லை என்பது வேறு. சொந்த நாட்டில் ஓர் ஆசிரியர் கற்பிக்க மறுத்த மொழி ஒன்று. ஏழு கடல் தாண்டி யாரும் சாதி கேட்காமல் கற்றுக்கொடுத்த மொழி இன்னொன்று. இதை வைத்துச் சமஸ்கிருத வெறுப்பை அண்ணல் மீது ஏற்றுவதும் சரியல்ல. அதை அவர் பிறகு தம் முயற்சியால் கற்றார். 1949இல் அதை ஆட்சிமொழியாக்கும் யோசனையை ஆதரித்தவர்களிலும் ஒருவராக இருந்தார். மறுக்கப்பட்டது எதுவாயினும் அதைக் கைப்பற்றுவதே அவருடைய வழி.

இனி, இந்த மொழி என்ன தரும் என்ற கேள்விக்கு வருவோம்.

ஜெர்மனியில் தொழிற்கல்விக்கு ‘ஆஸ்பில்டுங்’ என்று பெயர். மாணவர் வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளியிலும் சில நாள் பணியிடத்திலும் பயில்வார். பெரும்பாலும் மூன்று ஆண்டு. கட்டணம் கட்டுவதற்குப் பதிலாக மாதந்தோறும் உதவித்தொகை பெறுவார். செவிலியப் பயிற்சியில், பொதுத்துறை மருத்துவமனைகளின் ஊதிய ஒப்பந்தப்படி, முதல் ஆண்டிலேயே மாதம் 1,300 யூரோவுக்குக் குறையாமல் கிடைக்கிறது. மின்பணி, குளிர்சாதனப் பணி, சமையல் என்று நூற்றுக்கணக்கான தொழில்களுக்கு இந்த முறை உண்டு. ஐடிஐ வாசலோடு நின்றுபோகும் நம் பையன்களுக்கு இது சிறிய செய்தி அன்று. பொதுவாக அதற்குக் கேட்கப்படுவது பள்ளிப் படிப்பும் பி1 நிலை ஜெர்மனும்தான். செவிலியம் போன்ற துறைகளில் பி2.

மேற்படிப்புக்கும் இது பொருந்தும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் அயல்நாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அண்மையில் கட்டணம் கொண்டுவந்துள்ளது. ஆங்கிலத்தில் முதுகலைப் படிப்புகள் நிறையவே உண்டு. இளநிலைப் படிப்புகளோ பெரும்பாலும் ஜெர்மனில்தான். ஆகவே கட்டணமில்லாத அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மொழியே நுழைவுச்சீட்டு. ஒரு தடையை மறைக்கக் கூடாது: மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ, நம் கணக்கில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல், முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். உதவித்தொகை பெறுவோர் அந்த ஆணையையே காட்டலாம். ஆனால் பட்டியல் சாதியினருக்கான ஒன்றிய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 பேருக்குத்தான். ஆஸ்பில்டுங்கில் வாழ்க்கைச் செலவுக்குப் போதிய உதவித்தொகை இருந்தால் இந்த வைப்புத்தொகை கேட்கப்படுவதில்லை. சொத்தில்லாத குடும்பத்துக்கு எந்த வழி நடைமுறையில் திறந்திருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஜெர்மனிக்கு இதில் என்ன அக்கறை என்றால், அந்த நாடு முதுமையடைகிறது, வேலைக்கு ஆளில்லை. 2020இல் திறன்மிகு தொழிலாளர் குடியேற்றச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2023இல் அதைத் தளர்த்தியது. 2024 அக்டோபரில், இந்தியத் திறன்தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்தப்போவதாக அறிவித்தது. கேரளம் 2021இலேயே தன் நோர்க்கா அமைப்பின் மூலம் ஜெர்மன் அரசு முகமைகளோடு நேரடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, செவிலியர்களுக்குக் கட்டணமில்லாமல் மொழி கற்பித்து அனுப்பிவருகிறது. தமிழ்நாட்டில் தாட்கோ, பட்டியலின இளைஞர்களுக்கு ஜெர்மன் பயிற்சி தருகிறது. நல்ல திட்டம், இன்னும் பரவலாகத் தெரிய வேண்டிய திட்டம். ஆனால் அது பட்டம் பெற்ற பிறகு தொடங்குகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உதிர்ந்துபோனவர்களை அது எட்டாது.

தாமதமாகத் தொடங்குவதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோல் ஏ1இல் தொடங்கிச் சி2இல் முடியும் ஆறு படிகள் கொண்டது. சுழியத்திலிருந்து பி1 வரை வர, 45 நிமிடப் பாடவேளைகள் சுமார் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்பது கோதே நிறுவனத்தின் மதிப்பீடு. வாரத்துக்கு 3 பாடவேளை, ஆண்டுக்கு 35 வாரம் என்றால் 105. ஆறாம் வகுப்பில் தொடங்கும் குழந்தை பத்தாம் வகுப்பை முடிக்கும்போது 525 பாடவேளைகளைக் கடந்திருக்கும். வேறொன்றையும் இழக்காமல், காசு கொடுக்காமல், பி1 வாசலில் வந்து நிற்கும். இதே அளவை 23 வயதில் எட்ட, வேலையை விட்டுவிட்டு எட்டு, ஒன்பது மாதம் நகரத்து விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அந்த எட்டு மாதச் சம்பள இழப்பைத் தாங்கும் குடும்பம் எது, தாங்காத குடும்பம் எது என்பதில் சாதியின் கணக்கு ஒளிந்திருக்கிறது.

வேலைக்கு அப்பாலும் பயன் இருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் நம் பிள்ளைகளை ஏற்றுமதிச் சரக்காக மட்டும் பார்த்தவர்கள் ஆவோம்.

ஆங்கிலம் நம்மைப் பயமுறுத்தும் விதத்தில் ஜெர்மன் பயமுறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் ஒருவர் வாய் திறந்ததுமே எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எத்தனை தலைமுறைப் படிப்பு என்று கேட்பவர் எடைபோட்டுவிடுகிறார். கல்லூரி வகுப்பறைகளில் முதல் தலைமுறை மாணவர்களின் வாயை அடைத்தது அந்த எடைபோடல்தான். ஜெர்மன் வகுப்பில் எல்லாரும் ஒரே நாளில் ‘குட்டன் டாக்’ என்று தொடங்குகிறார்கள். யாருடைய பாட்டியும் வீட்டில் அதைப் பேசியதில்லை. சொல்லப்போனால் தமிழ்வழி மாணவருக்குச் சற்று முன்னிலை உண்டு. எட்டு வேற்றுமையைப் படித்தவருக்கு ஜெர்மனின் நான்கு வேற்றுமை புதிதல்ல. ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவர் அங்கேதான் தடுக்கி விழுகிறார். ‘நான் நோயுற்றிருப்பதால்’ என்பதை ‘வைல் இஷ் கிராங்க் பின்’ என்பார்கள். நம்மைப் போலவே வினை கடைசியில் வந்து அமரும். கையுறைக்கு அவர்கள் சொல் ‘ஹாண்ட்ஷூ’, கைக்குப் போடும் செருப்பு. நோயாளர் வீடு என்று சேர்த்தால் ‘கிராங்கன்ஹௌஸ்’, மருத்துவமனை. சொற்களைக் கோத்துச் சொல்லாக்கும் வழக்கம் நமக்குப் பழகியதுதான். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அலுவல் இல்லாத மூன்றாம் பால் என்று ஒன்று உண்டு என்பதும், ‘சிறுமி’ என்ற சொல் அந்த மூன்றாம் பாலில் கிடப்பதும் தலைவேதனைதான். உயர்திணை, அஃறிணை படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே கற்பார்கள்.

ஜெர்மனின் முதல் சில பாடங்களிலேயே வருவது ‘டூ’, ‘ஸீ’ என்ற வேறுபாடு: நீ, நீங்கள். வீட்டார், நண்பர், குழந்தை என்றால் ‘டூ’. அறிமுகமில்லாத வளர்ந்தவர் யாராயினும் ‘ஸீ’. குப்பை வண்டி ஓட்டுநருக்கும் ‘ஸீ’, நீதிபதிக்கும் ‘ஸீ’. இது நமக்கு வெறும் இலக்கணமா? ஊர்த்தெருப் பையன் சேரியின் அறுபது வயது முதியவரை ‘வாடா, போடா’ என்று விளிப்பதும், அந்த முதியவர் அவனை ‘சாமி’ என்பதும் இன்னும் பல ஊர்களில் வழக்கமாக இருக்க, மரியாதையை வயதும் அறிமுகமும் தீர்மானிக்கும், பிறப்பு தீர்மானிக்காது என்று ஒரு மொழியின் விதியாகவே பத்து வயதில் படிப்பது சாதாரணப் பாடமன்று. ஜெர்மனி சொர்க்கம் என்று இதற்குப் பொருளில்லை. 1961 ஒப்பந்தத்தின்படி அழைத்துவரப்பட்ட துருக்கியத் தொழிலாளர்களை மேலாளர்கள் ‘டூ’ என்றே விளித்தார்கள். துருக்கியராக வேடமிட்டு வேலை பார்த்த இதழாளர் குந்தர் வால்ராஃப் 1985இல் வெளியிட்ட நூல் அந்த இழிவுகளை அம்பலப்படுத்தியது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஜெர்மன் போதாது என்ற காரணத்துக்காகவே கீழ்த்தரப் பள்ளிப் பிரிவுகளுக்குத் தள்ளப்பட்டார்கள். மொழி தெரியாமல் போகிறவர் அங்கே எந்த இடத்தில் நிறுத்தப்படுவார் என்பதற்கும் அதுவே சான்று.

வழக்கறிஞர்களாகிய நமக்கு ஒரு சொல் மீது தனி ஈர்ப்பு உண்டு. நாஜி ஆட்சியின் நூரெம்பெர்க் சட்டங்கள் 1935இல் தாத்தா பாட்டியரை எண்ணி மனிதரைத் தரம் பிரித்தன. அதன் அழிவுக்குப் பின் 1949இல் எழுதப்பட்ட ஜெர்மன் அடிப்படைச் சட்டம், தன் முதல் பிரிவில் மனித மாண்பைக் குறிக்க ‘உன்ஆன்டாஸ்ட்பார்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. அதன் வேர் தொடுதல். தொட இயலாதது, கை வைக்கக் கூடாதது என்பது சொல்லின் பொருள். ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தால் இது கண்ணில் படாது. நம்மை இழிவுபடுத்த இங்கே பயன்பட்ட அதே கருத்து, அங்கே மனிதரின் மாண்பைக் காக்கும் வேலியாகச் சட்டத்தின் வாசலில் நிற்கிறது. அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு பாகுபாட்டுக்குத் தடையான காரணங்களில் ‘ஆப்ஷ்டாமுங்’, அதாவது வம்சாவளியையும் சேர்க்கிறது. சாதியும் வம்சாவளிப் பாகுபாடே என்று ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002இல் விளக்கமளித்திருக்கும் நிலையில், ஐரோப்பிய மண்ணில் சாதியை எதிர்த்து வாதாடப்போகும் நாளைய தலித் வழக்கறிஞருக்கு இந்தச் சொல் தேவைப்படும்.

வரலாற்று மாணவர்களுக்கும் வேலை காத்திருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தொடங்கி, ஜெர்மன் மறைப்பணியாளர்கள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் கிடக்கின்றன. சபையில் சேர்ந்த பறையர் குடும்பங்கள், தேவாலயத்தில் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்ட இருக்கைகள், அவற்றின் மீதான சண்டைகள் பற்றி அறிய அந்தத் தாள்கள் முதன்மைச் சான்று. திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த கார்ல் கிரவுல்தான், லைப்சிக் மறைப்பணியின் தலைவராகச் சபைக்குள் சாதி வழக்கத்தைச் சகித்துக்கொள்ளும் நிலையும் எடுத்தார். அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள் நிறையப் பேர். அந்த மூலத்தை நம் கண்கொண்டு படித்து எழுதப் போதிய ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் இதை எப்படிக் கேட்பது? 1968இலிருந்து நாம் காத்துவரும் இருமொழிக் கொள்கைக்கு இது ஊறு என்று சிலர் அஞ்சலாம். நாம் கேட்பது கட்டாய மூன்றாம் மொழியன்று. தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்றில் இரண்டு இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜெர்மன், ஜப்பானியம், கொரியன் முதலியவற்றை உயர்நிலை வகுப்பில் ‘கூடுதலாக’ வைக்கிறது. அந்த வண்டியில் ஏற நமக்கு விருப்பமில்லை. தமிழும் ஆங்கிலமும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். விரும்பும் மாணவருக்கு, தேர்ச்சி தோல்வியைப் பாதிக்காத விருப்பப் பாடமாக, பள்ளி நேரத்துக்குள்ளேயே ஜெர்மன் வேண்டும்; அதன் இறுதியில் ஏ2, பி1 தேர்வுக் கட்டணத்தை அரசு கட்ட வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலை மொழிப்பாடப் பட்டியலில் ஜெர்மன் ஏற்கெனவே இருக்கிறது என்பதால், இது அரசுக்குக் கேள்விப்படாத மொழியும் அல்ல.

தொடங்க வேண்டிய இடம் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும். 1,100க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே நாளில் இதைக் கொண்டுவர ஆசிரியர்கள் கிடைக்க மாட்டார்கள். மாவட்டத்துக்கு இரண்டு பள்ளி என்று முதலில் எடுத்துக்கொள்ளலாம். தாட்கோ பயிற்சியில் பி2 முடித்தும் குடும்பச் சூழலால் வெளிநாடு போகாத பெண்களை, உரிய ஆசிரியர் பயிற்சியும் முறையான ஊதியமும் கொடுத்து, அந்தப் பள்ளிகளில் அமர்த்தலாம். தொகுப்பூதியத்தில் ஓராண்டு வைத்துவிட்டுக் கைவிடும் பழக்கம் இங்கேயும் வந்தால், திட்டம் இரண்டாம் ஆண்டிலேயே படுத்துவிடும். ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியில் இதற்கு இடமிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நிதியில் செலவாகாமல் போவது எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டவாரியாகக் கேட்க நாங்கள் மனுக்களைத் தயாரித்து வருகிறோம். அந்தந்த மாவட்டக் கல்லூரி மாணவர்கள் தங்கள் பெயரிலேயே அதை அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய்.

முன்பு சொன்ன செவிலியர், தேறாமல் போன அந்த ஒரு பகுதியை, ‘கேட்டல்’ பகுதியை, மீண்டும் எழுதப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். இரவுப் பணி முடிந்து வரும் பேருந்தில் ஜெர்மன் வானொலிச் செய்தியைக் காதில் மாட்டிக்கொண்டு வருகிறாராம். அவருடைய தங்கை எட்டாம் வகுப்பு, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்.